ஜமால் மாஸ்டரிடம் யார் சொல்வது?

ஈ.சி.டி. அறைக்கு, அதாவது மனநோய்க்கு மின்சாரம் வைத்துச் சிகிச்சை செய்கிற அறைக்கு, டியூட்டி போட்டதும் இளம் மயக்க டாக்டர்களான உங்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். மூளை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் படித்த என்னை, இட்லி வேகும் நேரத்துக்குள் முடிந்துபோகிற வேலைக்கு அனுப்புகிறார்களே என்கிற முகம். நானும் அதே முகத்தோடுதான் உள்ளே போனேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் வெளியே வரவில்லை. இத்தனைக்கும் அந்த வேலையில் பெயரும் கிடையாது. நோயாளி தேறிவிட்டால் மனநல மருத்துவர் கைராசிக்காரர். தேறாவிட்டால் மயக்க டாக்டர் ஏதோ கோளாறு பண்ணிவிட்டார். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

சினிமாவில் வருகிற மாதிரி அங்கே ஒன்றும் நடக்காது. யாரையும் கட்டிலோடு கட்டுவதில்லை. யாரும் அலறுவதில்லை. விளக்கு மங்கி எரிவதில்லை. நோயாளி தூங்குகிறார், உடம்பு தளர்ந்து கிடக்கிறது, மூளைக்குள் ஒரு வலிப்பு வந்து போகிறது, வெளியே பார்த்தால் கால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் துடிக்கிறது. முதல் தடவை பார்க்க வருகிற மாணவர்கள், டிக்கெட் வாங்கி ஏமாந்த மாதிரி திரும்பிப் போவார்கள். அங்கே பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. அவற்றில் இரண்டை ஒரே ஆள் எனக்குக் காட்டிக் கொடுத்தார். அவர் என் டெய்லர்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரை மாற்றச் சொன்னார், தொழிலை மாற்றக் கூடாது என்றார். ஆகவே ஜமால் மாஸ்டர், லேடீஸ் டெய்லர். நெல்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் கடை. மதுரையில் ஜாக்கெட் தைப்பவர்கள் எத்தனையோ பேர். கையைத் தூக்கினாலும் குனிந்தாலும் இருந்த இடத்தில் இருக்கிற ஜாக்கெட் தைப்பவர், எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். டேப் பிடிப்பது அவர் மனைவி சுபைதா. "கையத் தூக்குங்கக்கா, அசையாதீங்க" என்று சொல்லி எண்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். மாஸ்டர் மெஷினில் குனிந்தபடியே காதில் வாங்கிக்கொள்வார். மாஸ்டரின் அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஹூக் வைத்துக்கொண்டிருப்பார். நான் ஒவ்வொரு தடவையும், "கொஞ்சம் இளைச்சுட்டேன் மாஸ்டர், பிடிச்சே தைங்க" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே பிரித்துவிட வசதியாகத் துணி விட்டுத் தைப்பார். எங்களுக்குள் மரியாதை குலையாமல் இருந்ததற்கு அந்தத் துணிதான் காரணம்.

அந்த அம்மா இறந்தபோது எனக்குத் தெரியாது. அடுத்த முறை ஜாக்கெட் கொடுக்கப் போனேன். ஸ்டூல் காலியாக இருந்தது. மாஸ்டர் துணியை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், மகளின் கல்யாண ஜாக்கெட் உள்ளே மாட்டிக்கொண்டது என்று ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். என் பட்டு ஜாக்கெட்டும் உள்ளேதான் இருந்தது. நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்தேன்.

அதன்பின் நான் அவரைப் பார்த்தது விளாங்குடியில், நான் வேலை பார்த்த மனநல மருத்துவமனையின் வார்டில்.

கட்டிலில் கிடந்தார். கண் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்று வாரங்கள் ஆகிவிட்டன, பிறகு சாப்பாடு நின்றது, பிறகு அசைவே நின்றுவிட்டது என்றார் சுபைதா. பி.பி. பார்க்க அவர் கையைத் தூக்கினேன். பார்த்து முடித்துவிட்டு விட்டேன். கை கீழே இறங்கவில்லை. தூக்கின இடத்திலேயே நின்றது. உங்களுக்குப் புத்தகத்தில் படித்த கேட்டடோனியா, அந்த உடல் உறைவு நோய், ஞாபகம் வரும். எனக்கு, கையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடையில் நான் நின்ற நிற்பெல்லாம் ஞாபகம் வந்தது. மெதுவாக அந்தக் கையைப் பிடித்து இறக்கி, போர்வைக்குள் வைத்தேன்.

அங்கே எங்கள் சீஃப் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனநல மருத்துவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது எதிரில் ஒரு தட்டு பஜ்ஜி இருந்தாக வேண்டும். தானும் தின்று அவர்களையும் தின்ன வைப்பார். வாய் நிறைய பஜ்ஜி இருந்தால் யாராலும் கத்த முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. இந்த நோய்க்கு முதலில் கொடுக்க வேண்டிய ஊசி மருந்தை அவர் கொடுத்துப் பார்த்துவிட்டார். மாஸ்டரின் கண் ஒரு தடவை சுபைதா பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். உடம்பு கரைந்துகொண்டே போனது. ஈ.சி.டி.தான் வழி என்றார்.

சம்மதம் சொல்லும் நிலையில் மாஸ்டர் இல்லை. அவசரம் என்று காரணம் காட்டி நாமாக ஈ.சி.டி. கொடுக்கச் சட்டம் விடாது. விடக் கூடாது என்பதுதான் என் கருத்தும். அவருக்காக முடிவு சொல்ல வேண்டியவர் சுபைதா. சுபைதாவுக்கோ காதர் என்று ஒரு தம்பி. மாஸ்டரின் மைத்துனர். செல்போன் கடை வைத்திருந்தார். உலகத்தில் உள்ள எல்லா வீடியோவையும் பார்த்து முடித்தவர்.

"கரண்டு வச்சா மூளை கருகிரும்க்கா. மறதி வந்துரும். பெறகு மச்சானுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது" என்றார் காதர்.

"எங்க பாத்த மாப்ள?" என்று கேட்டார் சீஃப்.

"எல்லாப் படத்துலயும் அப்படித்தான் சார் காட்டுறான்."

"எல்லாப் படத்துலயும் ஒரே அடியில பத்துப் பேரு பறக்குறான். நீ யாரையாச்சும் அடிச்சுப் பாத்தியா? பஜ்ஜிய எடு."

காதர் எடுத்தார். ஆனால் சுபைதா எடுக்கவில்லை. "தம்பி சொல்றத விடுங்க டாக்டர். மறந்துருவாகளா, மாட்டாகளா?" என்று கேட்டார்.

மற்ற டாக்டராக இருந்தால் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லியிருப்பார். சீஃப் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"தொழில் மறக்காதும்மா. உங்கள மறக்க மாட்டாரு. ஆனா இந்தக் கொஞ்ச மாசத்துல நடந்தது சிலது போயிரும். எது போகும், எது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. போனது எல்லாம் திரும்பி வரும்னும் சொல்ல மாட்டேன். இதக் குடுக்கலன்னா ஆளே போயிருவாரு. அது மட்டும் நிச்சயமாத் தெரியும்."

சுபைதா தட்டைத் தள்ளி வைத்தார். "என்னைய மறந்தாலும் பரவால்ல. இன்னாருன்னு நானே சொல்லிக்கிறேன். சாப்புட்டாகன்னாப் போதும்" என்று கையெழுத்துப் போட்டார். காதர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் காலை எல்லாம் தயார். மாஸ்டர் மேஜையில், சீஃப் மெஷின் பக்கத்தில், நான் தலைமாட்டில். ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பொட்டாசியம் கூடியிருந்தது. இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தசையைத் தளர்த்த நாம் வழக்கமாகக் கொடுக்கிற மருந்து இருக்கிறதே, வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த உடம்பில் அது போனால், தசையெல்லாம் சேர்ந்து இன்னும் பொட்டாசியத்தைக் கொட்டும். இதயம் நின்றுவிடும். எப்போதும் நிற்காது. எப்போதாவது நிற்கும். இவருக்கோ ஏற்கெனவே கூடுதல். எனக்கு அவர் கட்டிலில் கிடந்த கிடப்பு நினைவுக்கு வந்தது. ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"இன்னைக்கு வேண்டாம் சார்."

"மேடம், அந்தம்மாகிட்டக் கையெழுத்து வாங்குறதுக்குள்ள நான் கிழவனாயிட்டேன். மனசு மாறுறதுக்குள்ள முடிச்சுருவோம்."

"மனசு மாறுனா மறுபடி பஜ்ஜி வாங்கிக் குடுத்துப் பேசிக்கலாம். நெஞ்சு நின்னா யாருக்கு வாங்கிக் குடுப்பீங்க?"

சீஃப் என்னை முறைத்தார். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு டீ இருந்தது. ஒன்றை என் பக்கம் நீட்டினார். மன்னிப்பு, பாராட்டு, விளக்கம் எல்லாமே அந்த டீதான். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

வெளியே காதர் பிடித்துக்கொண்டார். "என்ன டாக்டரம்மா, பயந்துட்டீங்களா?"

"ஆமாப்பா, பயந்துட்டேன். பயப்படாத மயக்க டாக்டர்கிட்ட உன் மச்சானக் குடுப்பியா?"

காதர் யோசித்தார். அதற்கு வீடியோ எதுவும் இல்லை போலும். போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிரிப் ஏற்றி, ரத்தத்தைச் சரிக்கட்டி, வேறு மருந்து வரவழைத்து, பிறகுதான் முதல் ஈ.சி.டி. நடந்தது. அது நடந்தபோது காதர் கதவுக்கு வெளியே காதைப் பொத்திக்கொண்டு நின்றாராம். நான் வெளியே வந்ததும், "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றார். முடிந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். மச்சான் கருகாமல் படுத்திருந்தார்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு மாஸ்டர் தலையைத் திருப்பினார். இன்னொரு தடவை ஆனதும் சுபைதா கொடுத்த கஞ்சியை விழுங்கினார். சுபைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். பேச்சு மட்டும் வரவில்லை. அது வந்தது ஒரு நாள் காலை, மயக்கம் தெளிந்து கொஞ்ச நேரம் கழித்து. நான் குனிந்து அவர் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் என் தோள்பட்டையில் நின்றது.

"இது யாரு தச்சது?"

குரல் கரகரவென்று இருந்தது. எனக்குப் புரியவில்லை. நர்ஸ் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது.

"கைக்குழி தப்பு" என்றார் மாஸ்டர்.

அவருடைய கடை மூடிக் கிடந்ததால் நான் வேறு இடத்தில் தைத்துக்கொண்ட ஜாக்கெட் அது, கை சேரும் இடத்தில் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. வாரக்கணக்கில் வாய் திறக்காத மனிதர், திறந்த வாயால் என்னைத்தான் திட்ட வேண்டுமா? சீஃபுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேடம், சிகிச்சை பலிச்சுருச்சு. கேஸ் ஷீட்டுல எழுதிருங்க, கைக்குழி தப்புன்னு" என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பஜ்ஜி அவர் செலவு.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வெற்றிக் கதை சொல்ல மருந்துக் கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் வார்டில் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து, தன் கையாலேயே தயிர்ச்சோறு சாப்பிட்டார். பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா சாப்டுச்சா?" என்று கேட்டார்.

சுபைதா காதரைப் பார்த்தார். காதர் கொஞ்சமும் தயங்கவில்லை. "சாப்ட்டாக மச்சான். வீட்டுல படுத்துருக்காக" என்றார்.

மயக்கம் தெளிந்த அன்று குழப்பமாகப் பேசுவது சகஜம். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தெளிந்த பிறகு பார்ப்போம் என்றுதான் சீஃபும் சொன்னார். மறுநாள் அவர் தெளிவாகத்தான் இருந்தார். ஊர், பேர், கடை வாடகை, யாருக்கு எந்தத் துணி என்று எல்லாம் சொன்னார். அம்மா இறந்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. அதற்கு முந்தைய கொஞ்ச நாட்களும் அதற்குப் பிந்தைய நாட்களும் சேர்ந்து, கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்த மாதிரி போய்விட்டிருந்தன.

காதரின் பொய் வளர ஆரம்பித்தது. வீட்டில் படுத்திருந்த அம்மா, மேலூருக்கு அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போனார். அங்கே மூட்டுவலி வந்தது. பஸ்ஸில் ஏற முடியவில்லை. போன் பேசலாம் என்றால் அங்கே டவர் இல்லை. செல்போன் கடைக்காரர் சொல்கிற காரணமா இது? சுபைதா ஒவ்வொரு பொய்க்கும் தலை குனிந்துகொண்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் காதர் சண்டைக்கு வந்தார்.

"அந்த மவுத்துனாலதான டாக்டரம்மா மச்சான் இப்படி ஆனாரு? மறந்தது அல்லா குடுத்த வரம். நீங்க திரும்ப ஞாபகப்படுத்திப் படுக்க வைக்கப் போறீங்களா?"

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் கஷ்டம். சீஃபைக் கேட்டேன். "சொல்லத்தான் வேணும். எப்பன்னுதான் தெரியல" என்றார். எல்லாம் தெரிந்தவர் வாயில் அந்த வார்த்தை வந்தது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

அடுத்த ஈ.சி.டி. நாள் வந்தது. இப்போது சம்மதம் சொல்லும் தெளிவு மாஸ்டருக்கே இருந்தது. நடந்தே வந்து மேஜையில் உட்கார்ந்தார். நான் ஊசியைக் கையில் எடுத்தேன். அவர் படுக்கவில்லை.

"அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் படுக்குறேன்."

"மேலூர்ல இருக்காகன்னு காதர் சொன்னாருல்ல" என்று நர்ஸ் சமாளித்தார்.

"அவன் சொல்றது இருக்கட்டும்" என்று என் பக்கம் திரும்பினார் மாஸ்டர். "நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. எளைச்சுட்டேன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் உள்ளுக்குத் துணி விட்டுத்தான் தைப்பேன். அம்மா எங்க?"

சீஃப் என் காதருகே குனிந்து, "மேடம், மயக்கத்தக் குடுங்க. எந்திரிச்சதும் பாத்துக்கலாம். இப்பக் கேட்டதே மறந்தாலும் மறந்துரும்" என்றார்.

அது கெட்ட புத்தியால் சொன்னது இல்லை. ஒரு மணி நேரம் கிடைத்தால் நல்லபடியாகச் சொல்ல வழி பார்க்கலாம் என்றுதான் நினைத்திருப்பார். எனக்கும் ஆசையாக இருந்தது. மருந்து என் கையில். கட்டைவிரலை அழுத்தினால் கேள்வி கேட்டவர் தூங்கிவிடுவார். நம் தொழிலில் இவ்வளவு சுலபமாக ஒரு வாயை மூட முடியும் என்பதை அதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. யோசித்ததும் கை கூசியது. சொல்லிவிட்டு உடனே மயக்கம் கொடுத்தாலும் அதே அநியாயம்தான். எழுந்து வந்து மறுபடி கேட்பார். அம்மா அவருக்கு மறுபடி மறுபடி சாக வேண்டும்.

ஊசியை வைத்துவிட்டேன். "இன்னைக்கு ஈ.சி.டி. வேண்டாம் மாஸ்டர். கீழ எறங்குங்க. சுபைதாவக் கூப்புடுறேன்" என்றேன்.

அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். என் முகத்தில்தான் பொய் நிற்காதே. இறங்கி, சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சீஃப் கதவைத் திறந்து சுபைதாவையும் காதரையும் உள்ளே அழைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெஷினை அணைத்துவிட்டு, அதன் மேல் துணியைப் போர்த்தினார்.

சுபைதா, கணவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் மேல் கை வைத்தார்.

"அம்மா மவுத்தாயிட்டாகங்க" என்றார். "கடை அடைக்கிறதுக்கு முந்தியே. காலைல தொழுகைக்கு எழுப்பப் போனேன். எந்திரிக்கல. வலியெல்லாம் இல்ல, தூக்கத்துல போயிட்டாக."

மாஸ்டர் அழவில்லை. நாங்கள் எல்லாரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அப்படியே நின்றுவிடுமோ என்று. கை நடுங்கியது. நடுங்கும் கை நல்ல கை. அவர் கேட்டது நான் எதிர்பார்த்தது இல்லை.

"நான் இருந்தேனா?"

"இருந்தீகங்க."

"தூக்குனேனா?"

சுபைதாவுக்கு அது தெரியாது. மையித்தோடு, அதாவது அடக்கத்துக்கு எடுத்துப்போன உடலோடு, பெண்கள் போகவில்லை. அவர் தம்பியைப் பார்த்தார். காதர் கதவோரம் நின்றிருந்தார். இத்தனை நாள் தங்கு தடையில்லாமல் பொய் சொன்ன வாய் இப்போது திறக்க மறுத்தது. சீஃப் அவர் முதுகில் கை வைத்து மெதுவாக முன்னால் தள்ளினார்.

"சொல்லு மாப்ள. நீதான கூடப் போன."

"நீங்கதான் மச்சான் முன்னால தூக்குனீங்க" என்றார் காதர். "பள்ளிவாசல் வரைக்கும் தோள் மாத்தவே விடல. நான் கேட்டேன், குடுக்கல. பெறகு அங்க குழிக்குள்ள எறங்கி நீங்கதான் வாங்குனீங்க. நான் மேல நின்னு குடுத்தேன்."

"கஃபன் துணி?" உடலைப் போர்த்துகிற வெள்ளைத் துணியைக் கேட்டார்.

"வெளிய வாங்க வேணாம்னு சொல்லிட்டீங்க. கடையத் தெறந்து நீங்களே வெட்டுனீங்க. நான் டார்ச் அடிச்சேன், கரண்டு இல்ல."

மாஸ்டர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலையும் நடுவிரலையும் கத்தரி பிடிக்கிற மாதிரி ஒரு தடவை சேர்த்துப் பிரித்தார்.

"அளவு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு மச்சான்" என்றார் காதர். போய் மாஸ்டரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அப்போதுதான் மாஸ்டர் அழுதார். அம்மா போனபோது அவர் அழவே இல்லை என்று சுபைதா சொல்லியிருந்தார். அந்த அழுகையைக் கேட்டு வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஷாக் வைத்து அலற விட்டுவிட்டார்கள் என்று இரண்டு பேர் வராந்தாவில் பேசிக்கொண்டதாக நர்ஸ் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் அறையிலிருந்து அலறல் கேட்டது. அன்றைக்கு மெஷின் அணைந்து கிடந்தது.

சாயங்காலம் மாஸ்டர் மறுபடி கேட்டார். சுபைதா மறுபடி சொன்னார். மறுநாள் கேட்கவில்லை. கஞ்சி குடித்தார், முகம் கழுவினார், துக்கத்தில் இருக்கிற மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். துக்கமும் நோயும் ஒன்றில்லை என்று நீங்கள் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். நான் அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று சீஃப் விளக்கினார். மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு தடவை எழுந்ததும் காதர் பக்கத்தில் இருக்க வேண்டும், கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். காதர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். மாஸ்டர் ஒரு தடவை கேட்டார். காதர் சொன்னார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதல் ஈ.சி.டி.க்கு முன்னால், சாப்பிட்டாரா, பல் செட் உண்டா என்று நாம் கேட்கிற கேள்விகளோடு இன்னொன்றும் கேட்பேன். இந்தக் கொஞ்ச மாசத்தில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது, அவர் மறந்துபோனால் யார் சொல்வீர்கள்? சில சீஃப்கள் இது மயக்க டாக்டரின் வேலையா என்று கேட்டார்கள். எழுந்ததும் முதலில் பார்க்கிற முகம் என்னுடையது, அந்த முகத்துக்குப் பொய் வராது என்றேன். நீங்கள் வேறு பதில் சொல்லிக்கொள்ளுங்கள். கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாஸ்டர் கடையைத் திறந்த பிறகு ஒரு நாள் போயிருந்தேன். அந்த நாட்கள் அவருக்குத் திரும்பவே இல்லை. காதர் அங்கே உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் மாஸ்டருடைய அம்மாவின் மையித்தை எடுத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்து முனை வரைக்கும் கூட்டம். மையித்தை வெளியே எடுத்ததும் சடசடவென்று மழை. யாரும் குடை பிடிக்கவில்லை. மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு, முதல் தடவை கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காதர் எழுந்து போனதும், டேப்போடு வந்த சுபைதாவிடம், "அன்னைக்கு அவ்வளவு மழையா?" என்று கேட்டேன்.

"வெயிலு மண்டையப் பொளந்துச்சுக்கா" என்றார் சுபைதா.

மாஸ்டர் மெஷினில் குனிந்தபடியே சொன்னார்: "மழை நான் காதர்ட்ட கேட்டு வாங்குனது. போன வாரம்தான் சேத்தான். கையத் தூக்குங்க டாக்டரம்மா."